மணியோசையும் விலங்கொலியும்

துறைமுகம் என்றால் செல்வம்; செல்வம் என்றால் சிறப்பு; சிறப்பு என்றால் சிலை! நகரங்களின் வரலாறு பெரும்பாலும் இந்த முறையிலேதான் எழுதப்படுகிறது. எந்த மன்னன் பட்டயம் அளித்தான், எந்த வணிகன் எத்தனை பள்ளிகளுக்குப் பொருள் தந்தான், எந்தக் கோபுரம் எத்தனை அடி உயரம் என்பனவற்றை ஏடு ஏடாக அடுக்குகின்றனர். பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர், மதிப்பெண் பெறுகின்றனர், மறந்தும் விடுகின்றனர். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எவர் உழைப்பில் விளைந்தது, எவர் கண்ணீரில் நனைந்தது என்ற கேள்விக்கு மட்டும் பாடப்புத்தகத்தின் ஓரத்தில்கூட இடமில்லை. வகுப்பறையில் நின்று வரலாறு சொல்லித்தரும் நாம், விடுபட்ட அந்தக் கேள்வியையே முதற்கேள்வியாகக் கொண்டு ஒரு நகரைக் காண்போம். அதன் பெயர் பிரிஸ்டல்.

இங்கிலாந்தின் தென்மேற்கில், ஏவன் ஆற்றங்கரையில் அமைந்தது அந்நகர். பாலம் உள்ள இடம் என்பதே அப்பெயரின் பழம்பொருள். கடலோரத்தில் அல்ல, கடலிலிருந்து சில கல் தொலைவு உள்ளே, ஆறு வளைந்து வளைந்து செல்லும் மலையிடுக்கைத் தாண்டி இருக்கிறது. அவ்வாறு சென்று சேரும் செவர்ன் கழிமுகத்தில், உலகிலேயே மிகப்பெரும் ஓதங்களுள் ஒன்று எழுகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 12 மீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு! நீர் வடிந்தால் கப்பல்கள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். கட்டுக்கோப்பில்லாத கப்பலின் முதுகெலும்பு முறியும். எனவே கப்பலை உறுதியாகக் கட்டவும், சரக்கை ஒழுங்காக அடுக்கவும் அந்நகர மாலுமிகள் கற்றனர். செம்மையாக அமைந்த எதனையும் பிரிஸ்டல் பாங்கில் அமைந்தது என்று சொல்லும் வழக்கே ஆங்கிலத்தில் ஏற்பட்டது. பின்னாளில், 1809இல், ஆற்றின் போக்கையே மாற்றி, நீர்மட்டம் குறையாத தேக்கத் துறையையும் அமைத்தனர். இயற்கை தந்த இடரை மனித மூளை வென்றது. பாராட்டுக்குரிய வெற்றியே!

ஆனால், ஒழுங்காக அடுக்கப்பட்ட அந்தச் சரக்கு எது? அங்கேதான் கதை தொடங்குகிறது.

ஆப்பிரிக்கர்தாம் பிரிஸ்டலில் முதலில் விற்கப்பட்டவர்கள் என்று எண்ணுவோர் உண்டு. இல்லை, அவர்களுக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்னரே ஆங்கிலேயரே விற்கப்பட்டனர்! 11ஆம் நூற்றாண்டில், ஏழை ஆடவரையும் பெண்டிரையும் கயிற்றால் பிணைத்து, பிரிஸ்டல் துறைக்கு இழுத்து வந்து, அயர்லாந்துக்கு அனுப்பி விற்றனர். உஸ்டர் நகரப் பேராயர் வுல்ஃப்ஸ்டன் பிரிஸ்டலுக்கு வந்து, மாதக்கணக்கில் தங்கி, மக்கள் பேசும் மொழியிலேயே பேசி, அந்த வாணிகத்தை எதிர்த்தார். மதகுருவாயினும் மனிதனை விற்காதே என்று சொன்னவரை நாம் மதிக்கத் தயங்க மாட்டோம். நாம் குறித்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. அடிமையாவதற்குக் கறுப்புத் தோல் வேண்டும் என்பது இயற்கை விதியன்று. யார் எளியவரோ அவர் விற்கப்பட்டார். தோலைக் காட்டிச் சொல்லப்பட்ட காரணமெல்லாம் பிற்காலத்தில், கொள்ளையை மூடுவதற்காக நெய்யப்பட்ட போர்வை!

1497இல் ஜான் கபட் என்னும் இத்தாலிய மாலுமி பிரிஸ்டலிலிருந்து 'மேத்யூ' என்ற சிறு கப்பலில் புறப்பட்டு வட அமெரிக்கக் கரையை அடைந்தார். அட்லாண்டிக் கடல் அந்நகருக்கு வாயிலாயிற்று. 1552இல் நகரத்து வணிகர்கள் வணிகத் துணிகரர் சங்கம் என்ற அமைப்புக்கு அரசரிடம் பட்டயம் பெற்றனர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்க அடிமை வாணிகம் இலண்டனிலிருந்த அரச ஆப்பிரிக்கக் கம்பெனியின் தனியுரிமையாக இருந்தது. எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று பிரிஸ்டல் வணிகர்கள் வாதாடினர். 1698இல் தனியுரிமை தகர்ந்தது. சுதந்திர வாணிகம் பிறந்தது என்று மகிழ்ந்தனர். யாருடைய சுதந்திரம்? மனிதனை விற்பதற்கு மனிதன் பெற்ற சுதந்திரம்!

அந்த வாணிகம் முக்கோண வடிவில் நடந்தது. பிரிஸ்டலிலிருந்து பித்தளைப் பாத்திரம், துப்பாக்கி, துணி ஆகியவற்றை ஏற்றி ஆப்பிரிக்காவுக்குச் செல்வர். அங்கே அவற்றைக் கொடுத்து மனிதரை வாங்குவர். அவர்களை விலங்கிட்டு, கப்பலின் அடித்தட்டில் நெருக்கிக் கிடத்தி, கரிபியன் தீவுகளுக்கும் வர்ஜீனியாவுக்கும் கொண்டுசென்று விற்பர். அங்கிருந்து சர்க்கரையும் புகையிலையும் பிரிஸ்டலுக்குத் திரும்பும். பிரிஸ்டலைச் சுற்றியிருந்த பித்தளை ஆலைகள் ஆப்பிரிக்கச் சந்தைக்கெனவே வளையங்கள் வார்த்தன. அந்த வாணிகத்தில் கைமாறிய துணிகளுள் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெருமதிப்பு இருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட துணிகளும் அவற்றுள் அடங்கும். நம் நெசவாளி தறியிலே இட்ட உழைப்பு, கடல் பல கடந்து, மற்றொரு மனிதனின் கழுத்துக்கு விலையாயிற்று. பாவம், நெய்த கைக்கு அது தெரியாது. விற்ற கைக்குத் தெரியும்!

1730களில் பிரிஸ்டல் இலண்டனையே விஞ்சி, பிரிட்டனின் முதன்மையான அடிமைத் துறைமுகமாக நின்றது. பின்னர் அந்த 'முதலிடம்' லிவர்பூலுக்குச் சென்றது. 1698 முதல் 1807 வரை பிரிஸ்டல் கப்பல்கள் இத்தொழிலுக்கென மேற்கொண்ட பயணங்கள் 2,000க்கும் மேல். அவற்றில் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர் சுமார் 5 இலட்சம் பேர் என்பது ஆய்வாளர் கணிப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது, தாய் இருந்தாள், மொழி இருந்தது. கப்பற் கணக்கில் இருந்ததோ வெறும் எண்ணிக்கை!

ஊரில் சர்க்கரை ஆலைகள் புகைந்தன. அழகிய சதுக்கங்கள் எழுந்தன. கிரேட் ஜார்ஜ் தெருவில் நெவிஸ் தீவின் தோட்ட முதலாளி ஜான் பின்னி கட்டிய மாளிகை இன்றும் காட்சியகமாக நிற்கிறது. அம்மாளிகையில் பின்னியின் அடிமைப் பணியாளாக வாழ்ந்தவர் பீரோ. முதலாளியின் முகச்சவரம் முதல் வீட்டுப்பணி வரை அவர் கையால் நடந்தது. 1798இல் அவர் மாண்டார். 201 ஆண்டுகள் கழித்து, 1999இல், துறைமுகத்தின் மீது கட்டப்பட்ட நடைபாலத்துக்குப் பீரோ என்று பெயரிட்டது அந்நகர். பாலத்தால் பெயர் பெற்ற நகரில், ஒரு பாலம் அடிமையின் பெயர் பெற இத்தனை காலம்!

அடிமைக்கு அத்தனை காலம் பிடித்தது. அடிமை வணிகனுக்கோ புகழ் உடனுக்குடன் கிடைத்தது. எட்வர்ட் கோல்ஸ்டன் 1636இல் பிரிஸ்டலில் பிறந்தவர். 1680இல் அரச ஆப்பிரிக்கக் கம்பெனியில் சேர்ந்து, பின்னர் அதன் துணை ஆளுநர் பதவிக்கும் உயர்ந்தார். அவர் அக்கம்பெனியில் பங்கு கொண்டிருந்த 12 ஆண்டுகளில் அதன் கப்பல்கள் 84,000 ஆப்பிரிக்கரை ஏற்றின. சுமார் 19,000 பேர் கரையைக் காணாமலே மாண்டனர் என்று கணிக்கின்றனர். அவரே பள்ளிகளுக்கும், முதியோர் இல்லங்களுக்கும், தேவாலயங்களுக்கும் பொருளை வாரி வழங்கினார். அதிலும் தம் மதப்பிரிவைச் சேராதவருக்கு அவரது கை நீளவில்லை. பள்ளிக்கு அவர் பெயர். தெருவுக்கு அவர் பெயர். இசை மண்டபத்துக்கு அவர் பெயர். தேவாலயத்திலே அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம். ஆண்டுதோறும் அவருக்கு விழா. பிள்ளைகளுக்கு அவர் பெயரால் இனிப்பு ரொட்டி. 1895இல், அவர் மறைந்து 174 ஆண்டுகள் கழித்து, வெண்கலச் சிலையும் எழுந்தது. நற்குணமும் நல்லறிவும் மிக்க நகர மைந்தர் என்று பீடத்தில் பொறித்தனர். அடிமை வாணிகம் பற்றி ஒரு சொல்? ஒரு சொல்கூட இல்லை!

'தருமம் செய்தாரே, அது நல்லதல்லவா?' என்று கேட்போர் உளர். பள்ளி நல்லது, முதியோர் இல்லம் நல்லது, மறுக்கவில்லை. ஆனால், ஒரு கை ஒருவன் வாழ்வைப் பறிக்கிறது. மறு கை அதில் ஒரு பகுதியை வேறொருவனுக்கு நீட்டுகிறது. ஊர் இரண்டாவது கையை மட்டும் கண்டு கும்பிடுகிறது! கொடையாளியின் பெயர் கல்வெட்டில். கொடுத்தவனுக்குக் கொடுத்தவன், விலங்கோடு கடலடியில்! அறம் என்பது கொடுத்ததன் அளவில் மட்டும் இல்லை. ஈட்டிய வழியிலும் இருக்கிறது. இதனைக் கேட்கத் துணியாத ஊரில் வள்ளல்கள் பெருகுவர், நீதி பெருகாது.

கேட்கத் துணிந்தவர் வந்தார். தாமஸ் கிளார்க்சன். 1785இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கட்டுரைப் போட்டி ஒன்றில், மனிதரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது முறையா என்பதே தலைப்பு. பரிசுக்காக எழுதத் தொடங்கிய மாணவர், படிக்கப் படிக்க உறக்கம் இழந்தார். எழுதிய கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. எழுதியது உண்மையானால் எவரேனும் இதனை ஒழிக்க வேண்டுமே என்ற எண்ணமும் பிறந்தது. 1787இல், 27ஆம் வயதில், பிரிஸ்டலுக்கு வந்தார். கையில் வாள் இல்லை. வாயில் சாபம் இல்லை. தாளும் எழுதுகோலும் இருந்தன! வணிகர் மண்டபத்தில் இருந்த மாலுமிகளின் பெயர்ப் பட்டியல்களை வரி வரியாகப் படித்தார். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணினார். இரவில், 'ஏழு விண்மீன்' என்ற மதுக்கடையின் உரிமையாளர் தாம்சன் துணையோடு, கப்பலுக்கு ஆள் பிடிக்கும் கடைகளுக்குச் சென்று, குடியாலும் கடனாலும் மாலுமிகள் வளைக்கப்படுவதை நேரில் கண்டார்.

அவர் கண்ட உண்மை என்ன? இந்த வாணிகம் நம் மாலுமிகளை வளர்க்கும் பள்ளி என்றனர் முதலாளிகள். பட்டியல் வேறு சொல்லிற்று: வேறெந்தத் தொழிலின் கப்பல்களைக் காட்டிலும் அடிமைக் கப்பல்களிலே மாலுமிகள் மிகுதியாக மாண்டனர்! முதலாளியின் பொய்யை முதலாளியின் ஏட்டைக் கொண்டே முறியடித்தார் அந்த இளைஞர். தோழர்களே, பகுத்தறிவு என்பது மேடையில் முழங்கும் சொல் மட்டும் அன்று. தூசு படிந்த கணக்கேட்டைப் பொறுமையோடு புரட்டும் உழைப்பும் அதுவே.

அவர் தனியே நிற்கவில்லை. பிரிஸ்டலை அடுத்த கிளிஃப்டனில் பால் விற்றுப் பிழைத்த ஆன் இயர்ஸ்லி என்ற ஏழைப் பெண், 1788இல் அடிமை வாணிகத்தின் கொடுமையைக் கவிதையாக்கி வெளியிட்டார். 1795இல், 22 வயதுக் கவிஞர் கோல்ரிட்ஜ், அதே நகரில், கப்பல்துறை அருகிலேயே, அவ்வாணிகத்தைச் சாடிச் சொற்பொழிவாற்றினார். பெரும் மாளிகைகள் வாய்மூடிக் கிடந்தபோது, பால்காரியும் மாணவனும் மதுக்கடைக்காரனும் பேசினர்!

1791 ஏப்ரலில், அடிமை வாணிகத்தை ஒழிக்க வில்பர்ஃபோர்ஸ் கொணர்ந்த தீர்மானம் நாடாளுமன்றத்தில் தோற்றது. எதிர்த்தோர் 163, ஆதரித்தோர் 88. செய்தி பிரிஸ்டலுக்கு எட்டியது. என்ன செய்தனர்? தேவாலய மணிகள் முழங்கின! பீரங்கி வெடித்தது; தொழிலாளருக்கு அரைநாள் விடுமுறை! கடலிலே விலங்கொலி தொடரும் என்று கோபுரத்திலே மணியொலி எழுந்தது. அன்பே கடவுள் என்று கூறும் கூடத்தின் மணி எதற்காக ஒலித்தது என்பதை உலகம் மறந்துவிடக் கூடாது.

1807இல் வாணிகம் தடை செய்யப்பட்டது. 1833 ஆகஸ்டு 28ஆம் நாள் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. நீதி வென்றதென மகிழுமுன் கணக்கைப் பாருங்கள்: 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கப்பட்டது. அடிமைகளுக்கா? அல்ல, அடிமைகளை வைத்திருந்தோருக்கு! உழைத்துச் செத்தவனுக்கு ஒரு செம்புக்காசும் இல்லை. 'பயிற்சிக்காலம்' என்ற பெயரால் 1838 வரை அவர்கள் கட்டாய உழைப்பிலேயே வைக்கப்பட்டனர். அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசு தீர்த்து முடித்தது 2015இல். அதாவது, அடிமைகளின் கொள்ளுப்பேரரும் பிரிட்டனில் வரி செலுத்தி, தம் முன்னோரின் முதலாளிகளுக்குத் தந்த தொகைக்காகப் பட்ட கடனை அடைத்தனர்!

அச்சட்டம் பிறந்த காலத்து பிரிஸ்டலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1831 அக்டோபரில், வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதா மறுக்கப்பட்டதால் அந்நகர மக்கள் கொதித்தெழுந்தனர். சுமார் ஓர் இலட்சம் பேர் வாழ்ந்த ஊரில் வாக்குரிமை பெற்றோர் 6,000 பேர் அளவே! மூன்று நாட்கள் ஊர் கலங்கியது. சிறைகள் திறக்கப்பட்டன, மசோதாவை எதிர்த்து வாக்களித்த பேராயரின் மாளிகை எரிந்தது. கலகத்துக்காக நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அந்த மசோதாவின் வெற்றியை ஆவலோடு எதிர்பார்த்து அப்போது இங்கிலாந்தில் இருந்தவர் இராசாராம் மோகன்ராய். கணவனோடு மனைவியை எரிக்கும் சதியை 1829இல் தடை செய்த சட்டத்தை எதிர்த்து வைதிகர்கள் இலண்டனில் முறையீடு செய்திருந்தனர். அதனை எதிர்த்து நின்று, 1832இல் முறையீடு தள்ளப்பட்டதைக் கண்டார். மறு ஆண்டு, அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் ஒப்புதல் பெற்ற முப்பதாம் நாள், 1833 செப்டம்பர் 27இல், பிரிஸ்டலை அடுத்த ஸ்டேபில்டனில் உயிர்நீத்தார். ஆர்னோஸ் வேல் இடுகாட்டில் இந்தியப் பாணி மண்டபத்தின் கீழ் அவர் உறங்குகிறார். அவரைக் கண்டு உள்ளம் ஈர்க்கப்பட்ட பிரிஸ்டல் மங்கை மேரி கார்ப்பெண்டர், பின்னாளில் இந்தியா வந்து, சென்னை உட்படப் பல நகரங்களைக் கண்டு, பெண் கல்விக்காக வாதாடினார். அடிமைக் கப்பல் விட்ட துறையிலிருந்தே விடுதலைக் கருத்தும் கப்பலேறியது.

சட்டம் வந்தது, மனம் மாறிற்றா? 1963க்கு வாருங்கள். பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனி கறுப்பரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுப்பதில்லை. முதலாளியின் கொடுமை மட்டும்தானா? இல்லை; 1955இலேயே தொழிற்சங்கத்தின் உள்ளூர்ப் பிரிவு, கறுப்பரைப் பணியில் சேர்க்கக் கூடாதென்று தீர்மானம் இயற்றியிருந்தது! தொழிலாளியே தொழிலாளிக்கு வாயிலடைத்தான். கை பெய்லி என்ற 18 வயது இளைஞருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. அவர் மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் அழைப்பு விலகியது. பால் ஸ்டீவன்சன், ராய் ஹாக்கெட் முதலியோர் கூடி, ஏப்ரல் 29ஆம் நாள் பேருந்துப் புறக்கணிப்பை அறிவித்தனர். மாணவர்கள் ஊர்வலம் சென்றனர். கிறித்தவ சபைகளின் நகர மன்றமோ, சிறு குழு ஒன்று வேண்டுமென்றே பூசலைக் கிளப்பிவிட்டதென வருந்தியது. கொடுமை பூசலன்று, கொடுமையைச் சுட்டினால்தான் பூசல்! எந்த நாட்டிலும் இதே பாட்டு.

நான்கு மாதங்கள் உறுதி தளரவில்லை. 1963 ஆகஸ்டு 28ஆம் நாள் நிறத்தடையை நீக்குவதாகக் கம்பெனி அறிவித்தது. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் ஒப்புதல் பெற்று சரியாக 130 ஆண்டுகள்! செப்டம்பர் 17இல் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் அந்நகரின் முதல் வெள்ளையரல்லாத நடத்துநரானார். 1965இல் பிரிட்டனின் முதல் இனவேற்றுமைத் தடைச்சட்டம் பிறக்க இப்போராட்டமும் ஒரு காரணம். 50 ஆண்டுகள் கழித்து, 2013இல், அத்தொழிற்சங்கத்தின் வழிவந்த சங்கம் மன்னிப்புக் கோரியது. தவற்றை ஒப்புக்கொண்ட சங்கம் சிறுமையுறவில்லை, உயர்ந்தது.

வெண்கலக் கோல்ஸ்டன் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். மனு கொடுத்துப் பார்த்தனர். நகரின் மாசிவ் அட்டாக் இசைக்குழு, அவர் பெயர் தாங்கிய மண்டபத்தில் பாட மறுத்தது. உண்மையைச் சொல்லும் பலகை ஒன்றேனும் பீடத்தில் வைக்கலாமென்று 2018இல் முயன்றனர். என்ன சொற்களை எழுதுவது என்ற தகராறிலே பலகையே நின்றுபோயிற்று! ஒரு நகரம் தன் வரலாற்றை ஒரு பலகையில்கூட எழுதிக்கொள்ள முடியவில்லை. 2020 ஜூன் 7ஆம் நாள், அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்ட் கொல்லப்பட்டதைக் கண்டித்துக் கூடிய மக்கள், சிலையைக் கயிறிட்டுச் சாய்த்து, உருட்டிச் சென்று, துறைமுகத்து நீரில் தள்ளினர். தள்ளிய இடம் பீரோ பாலத்தின் அருகே! வழக்குத் தொடரப்பட்ட நால்வரை 2022 சனவரியில் நடுவர் குழு விடுவித்தது.

'வரலாற்றை அழிக்கிறார்களே!' என்று அலறினர் சிலர். அழித்தது யார்? 125 ஆண்டுகள் நின்ற பீடமல்லவா 84,000 பேரை அழித்தது? ஊர் அறிந்ததைச் சொல்லவிடாமல் நின்றதே அச்சிலையின் பணி. நீரிலிருந்து எடுக்கப்பட்ட அது, இன்று அந்நகரின் அருங்காட்சியகத்தில், மக்கள் பூசிய சாயத்தோடு, படுத்த நிலையில் கிடக்கிறது. நிமிர்ந்து நின்றபோது அது பொய் சொல்லிற்று. படுத்த பின்னரே உண்மை பேசுகிறது. பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கின்றனர். யார் இவர், ஏன் இங்கே கிடக்கிறார் என்று கேட்கின்றனர். கல்வியின் தொடக்கம் அதுவே.

பிரிஸ்டலைப் பழிப்பதற்காக நாம் இதனை எழுதவில்லை. அடிமைக் கப்பலை அனுப்பிய ஊர் அது. அதைக் கணக்கிட்டுக் காட்டிய இளைஞனுக்கு வழிகாட்டிய ஊரும் அதுவே. மணியடித்து மகிழ்ந்த ஊர் அது. பேருந்தைப் புறக்கணித்து வென்ற ஊரும் அதுவே. எந்த ஊரிலும் இவ்விரு மரபுகளும் உண்டு. எதனைத் தன் வரலாறு என்று ஏற்பது என்பதை அந்தந்தத் தலைமுறைதான் முடிவு செய்ய வேண்டும்.

எனவே இளைஞர்களே, எந்த நாட்டிலும் எந்த வள்ளலின் சிலை எதிர்ப்பட்டாலும், பீடத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எழுதாமல் விட்டது எது என்றும் கேளுங்கள். வணங்குவதற்கு முன் கணக்கேட்டைப் புரட்டுங்கள். 27 வயதில் கிளார்க்சன் செய்தது அவ்வளவே. அந்த அவ்வளவு, ஒரு வாணிகத்தையே சாய்த்தது!